வாசுவின் பெயர்

சிந்துஜாவைப் பற்றி வந்த கட்டுரைகள் எல்லாவற்றிலும் ஒரு செய்தி தவறாமல் இருக்கும்: ரப்பர் தோட்டத்தில் பால்மரம் வெட்டிய ஒரு தாயின் மகள் அவள் என்று. அது உண்மையில்லை. அவளுடைய அம்மா பூரணம் முப்பத்திரண்டு வருஷம் பள்ளியில் ஆங்கிலம் சொல்லிக்கொடுத்து ஓய்வு பெற்றவர். யாழ்ப்பாணத்திலிருந்து வந்த குடும்பம். காலமான அப்பா கந்தையா ரயில்வேயில் தலைமைக் கிராணி, அதாவது தலைமை எழுத்தர். கோலாலம்பூரின் பிரிக்ஃபீல்ட்ஸில் பிறந்து வளர்ந்த சிந்துஜா ஒரு ரப்பர் தோட்டத்துக்குள் முதன்முதலாகக் கால் வைத்ததே கலைக் கல்லூரியில் படிக்கும்போது, படம் எடுப்பதற்காகத்தான்.

அவளைப் பெயர்பெற வைத்தது 'பால்' என்ற நிகழ்த்துகலை. முழுக்கைச் சட்டையும் கைலியுமாக, தலையில் துணி கட்டிக்கொண்டு அவள் அசையாமல் நிற்பாள். மேலே தொங்கும் வாளியிலிருந்து ரப்பர் பால் அவளுடைய உள்ளங்கைகளில் சொட்டும். மூன்று மணி நேரத்தில் அது காய்ந்து இன்னொரு தோல்போல ஒட்டிக்கொள்ளும். பிறகு அதைக் கொஞ்சம் கொஞ்சமாக உரித்துத் துணிக்கொடியில் காயப்போடுவாள். அவ்வளவு நேரமும் அவளுடைய குரலில் தமிழில் ஒரு கதை ஓடிக்கொண்டிருக்கும், அதன் ஆங்கில வடிவம் சுவரில் எழுத்தாக ஓடும். காய்ச்சலில் கிடந்த கைக்குழந்தையை மரத்தடியில் தூளியில் போட்டுவிட்டு, மேற்பார்வை பார்க்கும் மண்டோர் அவளை வீட்டுக்கு விடாததால் தன் நிரையில் இருந்த மரங்களையெல்லாம் வெட்டி முடித்து, பாலை நிறுத்துக் கொடுத்துவிட்டு ஓடிவந்து பார்த்த ஒரு பெண்ணின் கதை. குழந்தை சில்லிட்டுப் போயிருந்தது. பெயர் வாசு.

கதை நிஜம்தான். நடந்தது சீதாலெட்சுமிக்கு. சிந்துஜாவுக்கு மூன்று வயதிலிருந்து பதினைந்து வயதுவரை அவர்கள் வீட்டில் சமைத்து, துவைத்து, அவளுக்குத் தலை பின்னிவிட்ட சீதாக்கா. பள்ளிவிட்டு வரும் பிள்ளையைப் பக்கத்தில் உட்காரவைத்துக்கொண்டு, துணிக்கு இஸ்திரி போட்டபடியே தோட்டத்துக் கதைகளைச் சொல்வாள். வாசுவின் கதையைச் சொன்னது ஒரே ஒரு முறைதான்.

'பால்' முதலில் ஜெர்மனியில் ஒரு விழாவில் நடந்தது. நிகழ்ச்சி முடிந்ததும் வயதான ஒரு பெண்மணி கண்ணீரோடு வந்து சிந்துஜாவின் கைகளைப் பிடித்துக்கொண்டு, "இது உன் அம்மாவா?" என்று கேட்டாள். சிந்துஜா தலையாட்டினாள். அவ்வளவுதான் அவள் செய்தது. அந்த நேரத்தில் இல்லை என்று சொன்னால் அந்த அம்மாளின் கண்ணீர் என்ன ஆவது என்று தோன்றியது. மறுநாள் பத்திரிகையில் அது அச்சாகிவிட்டது. திருத்தியிருக்கலாம். திருத்தவில்லை. அடுத்த அழைப்பு அந்த வரியைப் பார்த்துத்தான் வந்தது. மூன்றாம் வருஷம் "எங்கம்மா" என்று அவளே மேடையில் பேசினாள். ஐந்தாம் வருஷம் ஒலிப்பதிவையே மாற்றி, "வாசு, என் அண்ணன்" என்று சேர்த்தாள். அந்த இடத்தில்தான் பார்வையாளர்கள் உடைந்துபோவார்கள்.

போன வருஷம், அவளுக்கு நாற்பத்து நான்கு வயதானபோது, கோலாலம்பூரில் ஒரு காட்சிக்கூடம் அவளுடைய இருபது ஆண்டுப் படைப்புகளை மொத்தமாகக் காட்சிக்கு வைத்தது. சனிக்கிழமை பிற்பகல் அவளுடைய உரை. கைதட்டல் ஓய்ந்து கூட்டம் கலைந்த பிறகு, சுவரோரம் காத்திருந்த ஒரு பெண் அருகில் வந்தாள். அலுவலகச் சட்டை, கழுத்தில் அடையாள அட்டை.

"என்னை ஞாபகம் இருக்கா?"

எப்போதோ ஒரு நிகழ்ச்சிக்கு வந்தவளாக இருக்கும் என்று நினைத்துச் சிந்துஜா சிரித்துவைத்தாள்.

"வாணி. சீதாலெட்சுமி மகள். ஸ்கூல் லீவுக்கு ஒங்க வீட்டுக் குசினியில வந்து உக்காந்துருப்பேன். ஒங்க பழைய சட்டையெல்லாம் போட்டுதான் வளந்தேன்."

சிந்துஜா கையிலிருந்த உரைக் குறிப்பை மடித்தாள்.

"இப்போ பண்டமாரான்ல இருக்கோம். நான் போர்ட்ல ஒரு ஃபார்வர்டிங் கம்பெனியில வேலை பாக்குறேன். கூட வேலை செய்யுற பொண்ணு இந்த வீடியோவ அனுப்புனா, நம்ம தோட்டத்து கதைன்னு." வாணி மெதுவாகத்தான் பேசினாள். பக்கத்தில் இருப்பவர்களுக்குக்கூடக் கேட்டிருக்காது. "அம்மா வாசு அண்ணனைப் பத்தி எங்கிட்ட ஒரு தடவைகூட பேசினதில்ல. அப்படி ஒருத்தன் இருந்தான்னு அப்பா சாகப்போறப்போதான் சொன்னாரு. எங்கண்ணன் எப்படி செத்தான்னு ஒங்க வீடியோவுலதான் தெரிஞ்சிக்கிட்டேன்."

அந்த நேரத்தில் சிந்துஜாவின் வாயிலிருந்து வந்த வார்த்தை அவளை இன்றுவரை விடவில்லை.

"வேற யாருகிட்டயாச்சும் சொன்னீங்களா?"

வாணியின் முகம் மாறியது. கோபம்கூட இல்லை, தவறான வீட்டுக் கதவைத் தட்டிவிட்டவள்போல ஒரு பின்வாங்கல்.

"சொல்லல. சொல்றதுக்கு வரல. அம்மாவுக்கு இன்னும் தெரியாது. யாராச்சும் போன்ல காட்டுறதுக்கு முன்னாடி நீங்களே வந்து சொல்லுங்க. அத கேக்கத்தான் லீவு போட்டுட்டு வந்தேன்."

முகவரியை ஒரு காகிதத்தில் எழுதிக் கொடுத்துவிட்டுப் போனாள். சிந்துஜா கழிப்பறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு வெகுநேரம் நின்றாள். மன்னிப்புக்கூடக் கேட்கவில்லை என்பது அப்போதுதான் உறைத்தது.

அன்று மாலையே அவள் பிரிக்ஃபீல்ட்ஸுக்குப் போனாள். பூரணம் அடுக்குமாடி வீட்டில் தனியாக இருந்தார். எழுபத்தெட்டு வயது. மகளுடைய நிகழ்ச்சி எதற்கும் அவர் வந்ததில்லை. பொய் வெளியே வந்துவிடும் என்று சிந்துஜாதான் ஒவ்வொரு முறையும் ஏதாவது சாக்குச் சொல்லித் தவிர்த்துவந்தாள்.

"அம்மா, நான் ஒண்ணு சொல்லணும்," என்று தொடங்கியவளை அவர் கையமர்த்தினார்.

"சீதாவின்ட கதையோ? எனக்குத் தெரியும் பிள்ளை. எட்டு வருஷமாத் தெரியும். கமலநாதன்ட மனுசி கோயிலுக்குப் பேப்பரைக் கொண்டுவந்து காட்டினவ. உங்கட மகள் உங்களைத் தோட்டத்தில வேலை செய்தவ எண்டு சொல்லியிருக்கிறாளே எண்டு கேட்டவ."

"நீங்க என்ன சொன்னீங்க?"

"பேப்பர்காரன் பிழையா எழுதிப்போட்டான் எண்டு சொன்னனான். என்ட பிள்ளை பொய் சொன்னவள் எண்டு நாலு பேருக்கு முன்னால எப்பிடிச் சொல்றது?" பூரணம் மூக்குக்கண்ணாடியைக் கழற்றிச் சேலைத் தலைப்பால் துடைத்தார். துடைத்துக்கொண்டே இருந்தார். "பால் வெட்டினவ எண்டதில எனக்கொரு குறையும் இல்லை. சீதா என்னைவிட எவ்வளவோ பாடுபட்டவ. ஆனா உனக்கு நான் போதாமப் போயிட்டன் எண்டுதான் யோசிச்சன். சொல்லிக்கொள்ள என்னட்ட ஒரு கதையும் இல்லைத்தானே."

சிந்துஜா வாய்விட்டு அழுதாள். பூரணம் எழுந்துவந்து அணைத்துக்கொள்ளவில்லை. சாப்பிட்டாயா என்று மட்டும் கேட்டார்.

ஞாயிற்றுக்கிழமை காலை அவள் பண்டமாரானுக்குப் புறப்பட்டாள். துறைமுகத்துக்குப் போகும் கொள்கலன் லோரிகளின் பின்னாலேயே ஊர்ந்து, வாணி எழுதிக்கொடுத்த வரிசை வீட்டைக் கண்டுபிடித்தாள். வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தாள் சீதாலெட்சுமி. உடம்பு வற்றிப்போயிருந்தது. ஆனால் பார்த்ததும் அடையாளம் கண்டுகொண்டாள்.

"அட, சிந்து பாப்பாவா! வாணி, யாரு வந்திருக்கா பாரு. அம்மா சௌக்கியமா? ஏன் இப்படி எளச்சிட்ட?"

அந்தச் சந்தோஷத்தைத் தாங்கிக்கொள்வதுதான் எல்லாவற்றையும்விடக் கடினமாக இருந்தது. சிந்துஜா உள்ளே போய் உட்கார்ந்து, தண்ணீர்கூடக் குடிக்காமல், எல்லாவற்றையும் சொன்னாள். ஜெர்மனியில் தலையாட்டியதிலிருந்து, "என் அண்ணன்" என்று சேர்த்தது வரைக்கும். வாணி சமையலறை வாசலில் சாய்ந்து நின்றாள்.

சீதாலெட்சுமிக்கு முதலில் சரியாகப் புரியவில்லை. "நாடகமா?" என்றாள். பிறகு, "போன்ல இருக்கா? காட்டு," என்றாள்.

பதினெட்டு நிமிஷக் காணொளி. அவள் கண்ணை எடுக்காமல் பார்த்தாள். வாசுவின் பெயர் வந்தபோது விரல்கள் மடியில் இருந்த துண்டை இறுக்கின. முடிந்ததும் தொலைபேசியைத் திருப்பிக் கொடுத்தாள்.

"மூணு மாசப் புள்ளைன்னு சொல்லுது. தப்பு. அஞ்சு மாசம். குப்புறப் படுத்து தலையத் தூக்கிப் பாப்பான்."

 வெளியே ஒரு லோரி ஹாரன் அடித்துக்கொண்டு போனது.

"இத பாத்துட்டு அழுதாங்களா?"

"அழுதாங்க அக்கா."

"யாருக்காக அழுதாங்க? உனக்காகத்தானே அழுதிருப்பாங்க. அண்ணன பறிகொடுத்த புள்ளைன்னு."

சிந்துஜா தலைகுனிந்திருந்தாள். திட்டினால் நன்றாக இருக்கும் என்று பட்டது. அடித்தால் இன்னும் நன்றாக இருக்கும்.

"நீ சின்னப் புள்ள, மறந்துடுவன்னுதான் உங்கிட்ட சொன்னேன்," என்றாள் சீதாலெட்சுமி. "பெரியவங்ககிட்ட சொன்னா ஏன் புள்ளைய விட்டுட்டு நிரைக்குப் போனேன்னு கேப்பாங்க. எம்புருஷனே கேட்டாரு. நீ ஒண்ணும் கேக்கல. கைய புடிச்சிக்கிட்டு உக்காந்திருந்த." அவள் வாணியைத் திரும்பிப் பார்த்தாள். "இவகிட்டகூட நான் வாயத் தொறந்ததில்ல."

வாணி சட்டைக் கையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

"நான் என்ன செய்யணும் அக்கா?"

"பேர எடுத்துரு. அவன் பேரு அங்க கெடக்க வேணாம்." சீதாலெட்சுமி சுவரைப் பிடித்துக்கொண்டு எழுந்தாள். "நான் கொஞ்சம் படுக்கணும். நீ போயிட்டு வாம்மா. இப்போதைக்கு வராத."

திங்கட்கிழமை காட்சிக்கூடத்தின் இயக்குநர் ஜெயந்திரனிடம் சிந்துஜா விஷயத்தைச் சொன்னாள். அவன் அவளுக்குப் பதினைந்து வருஷ நண்பன். முதலில் அதிர்ந்தான். அப்புறம் அவன் கண்ணில் ஒரு வெளிச்சம் வந்தது.

"சிந்து, இதையே ஒரு பெர்ஃபார்மன்ஸா பண்ணிடலாம். நீ நடுவுல நிக்கிற. இதுவரைக்கும் சொன்ன பொய்யெல்லாம் ஒண்ணொண்ணா வாசிக்கிற. ரொம்ப பவர்ஃபுல்லா இருக்கும் லா."

இல்லை என்று சொல்ல அவள் வாய் திறப்பதற்குள், மனம் வேலையைத் தொடங்கிவிட்டிருந்தது. வெறுங்கால், வெள்ளைச் சுவர், எந்தப் பக்கத்திலிருந்து விளக்கு விழவேண்டும் என்பதுவரை அவள் பார்த்துவிட்டாள். தான் நிற்கப்போகும் இடத்தைக்கூடத் தேர்ந்தெடுத்துவிட்டாள்.  பொய் சொன்னதைவிட அந்த ஒரு நிமிஷம்தான் அவளுக்கு அருவருப்பாக இருந்தது.

"வேணாம் ஜெயன். இறக்கிடு."

அன்றே 'பால்' நிகழ்ச்சியின் காணொளி காட்சிக்கூடச் சுவரிலிருந்து இறங்கியது. அதன் இடத்தில் தமிழிலும் மலாயிலும் ஆங்கிலத்திலும் அரைப் பக்கக் கடிதம் ஒன்றை ஒட்டினாள். என் அம்மா பள்ளி ஆசிரியை. இந்தக் கதை எங்கள் வீட்டில் வேலைசெய்த ஒருவருடையது. அவரைக் கேட்காமல் எடுத்தேன், என்னுடையது என்று பதினைந்து வருஷம் சொன்னேன். சீதாலெட்சுமியின் பெயரையோ குழந்தையின் பெயரையோ அதில் எழுதவில்லை. இணையத்தில் இருந்த காணொளிகளை நீக்கச் சொல்லி விழாக்காரர்கள் எல்லாருக்கும் எழுதினாள். சிலர் நீக்கினார்கள். சிலர் பதிலே போடவில்லை.

அதற்குப் பிறகு வரவேண்டியது எல்லாம் வந்தது. வெளிநாட்டு அழைப்புகள் இரண்டு ரத்தாயின. யாழ்ப்பாணத்து மேட்டுக்குடி, தோட்டத்து மக்களின் துக்கத்தைத் திருடிப் பிழைத்தவள் என்று ஒருவர் நீளமாக எழுதினார். அதில் மறுக்க ஒரு வரிகூட இருக்கவில்லை. கடிதத்தைப் படித்த பூரணம், "மலாயில ஒரு எழுத்துப் பிழை இருக்கு," என்று மட்டும் சொன்னார். மறுநாள் அந்தப் பக்கத்தை நான்காக மடித்துத் தன் கைப்பையில் வைத்திருப்பதைச் சிந்துஜா பார்த்தாள்.

ஏழு மாதம் கழித்து வாணியிடமிருந்து ஒரு செய்தி வந்தது. அம்மா வரச்சொல்றாங்க, ஞாயித்துக்கிழமை.

சீதாலெட்சுமி தேத்தண்ணியும் பிஸ்கட்டும் வைத்து உபசரித்தாள். முட்டிவலியைப் பற்றிப் பேசினாள். மேருவில் தொழிற்சாலை வேலைக்குப் போகும் பேரனைப் பற்றி, பாசாரில் மீன் விற்கிற விலையைப் பற்றி, பூரணத்தின் ரத்த அழுத்தத்தைப் பற்றி எல்லாம் பேசினாள். ஒருமுறை, "அப்போ நாங்க தோட்டத்து லயத்துல இருக்கறப்போ..." என்று ஆரம்பித்தாள். சிந்துஜா நிமிர்ந்து பார்த்தாள்.

சீதாலெட்சுமி அவள் முகத்தை ஒரு கணம் உற்றுப் பார்த்தாள். வாக்கியத்தை அங்கேயே நிறுத்திக்கொண்டாள்.

"தேத்தண்ணி ஆறிப்போச்சு, குடி," என்றாள்.

சிந்துஜா குடித்தாள்.