விடலாமா, ஐயா?

லிஃப்டுக்குள் ஸ்ட்ரெச்சர் நுழையவில்லை. நிமிர்த்தி வைத்துக் கொண்டுபோய்விடலாம் என்று அமரர் ஊர்தி டிரைவர் சொன்னதும் அவளுக்கு ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது.

"பீரோ இல்லைங்க, எங்க அப்பா. படியிலயே இறக்குங்க."

நாலு மாடி. டிரைவர் ஒரு பக்கம், தம்பி ஒரு பக்கம். போர்வை நழுவாமல் பிடித்தபடி அவளும் இறங்கினாள். வண்டியின் பின்பக்கம் அப்பாவுக்கு அருகில் அவளும் தம்பியும் உட்கார்ந்தார்கள்.

இந்தக் குடியிருப்புக்கு வாடகைக்கு வந்தபோது, கேட்டில் அப்பாவின் நம்பரைத்தான் அவள் கொடுத்தாள். வீட்டில் சும்மாதானே இருக்கிறார் என்று. யார் உள்ளே வந்தாலும் அவருக்குத்தான் போன். வாடகை வீட்டிலிருந்து வண்டி எதுவும் வெளியே போவதென்றாலும் அவர் சரி சொன்னால்தான் தடுப்புக் கட்டை உயரும். "அப்பாவுக்கு வேலை கிடைச்சிடுச்சு" என்று தம்பி கேலி செய்வான். பார்சல் கொண்டுவருகிறவர்களிடம் சாப்பிட்டாச்சா என்பதுவரை விசாரிப்பார். அவர்கள் கிளம்பியதும் கேட்டுக்குப் போன் போட்டு, "பார்த்துப் போகச் சொல்லுங்க" என்பார்.

வண்டி கேட்டில் நின்றது. அவள் கைப்பைக்குள் அப்பாவின் போன் அடித்தது.

செக்யூரிட்டி கையெட்டும் தூரத்தில், போனைக் காதில் வைத்தபடி நின்றிருந்தார். தம்பி ஜன்னலைத் திறந்தான்.

"அண்ணே, உங்களுக்குத் தெரியாதா? கட்டையத் தூக்குங்க."

"தெரியும் தம்பி. காலையில நானும் வந்து பார்த்தேனே. அந்த நம்பர்ல சரின்னு சொன்னாத்தான் இது ஏறும். நான் என்ன பண்ண?"

அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

போன் விடாமல் அடித்தது. சரி என்று சொல்ல அவளுக்கு வாய் வரவில்லை. சொல்லாவிட்டால் வண்டி நகராது. இன்னும் கொஞ்ச நேரம் அப்பா இங்கேயே இருப்பார். பின்னால் வந்து நின்ற கார் ஹாரன் அடித்தது.

"அக்கா" என்றான் தம்பி.

எடுத்தாள்.

"ஐயா..." என்று பழக்கத்தில் தொடங்கிய குரல் அப்படியே நின்றது. பிறகு மெதுவாக, "உங்க வீட்டு வண்டி வெளிய போகுது. விடலாமா?"

அவள் போர்வையின் மேல் கையை வைத்தாள்.

"விடுங்க. பார்த்துப் போகச் சொல்லுங்க."

கட்டை உயர்ந்தது. வண்டி தெருவில் இறங்கியதும் பின் கண்ணாடி வழியாகப் பார்த்தாள். கட்டை மறுபடி இறங்கியிருந்தது. உள்ளே அந்தக் கார் ஹாரன் அடித்துக்கொண்டே இருந்தது. செக்யூரிட்டி இன்னும் போனைக் காதிலிருந்து எடுக்கவில்லை.