ஒரு 'ங்க' குறைகிறது

காலையிலிருந்து அப்பா நான்காவது முறையாகக் கூப்பிட்டுவிட்டார்.

"கண்ணு, சாயங்காலம் ஏழு மணிக்குத்தானுங்களே? வெள்ளகோவில்ல மாமன் ஊட்ல எல்லாரையும் டிவி பாக்கச் சொல்லிப்போட்டேன்."

"ஆமாங்கப்பா" என்று வைத்துவிட்டு, எடிட்டிங் அறையில் குறுக்கும் நெடுக்குமாக நடந்தேன். உட்காரவே முடியவில்லை. மணி பன்னிரண்டு. இரண்டு மணிக்குள் எபிசோடைச் சேனலுக்கு அனுப்பியாக வேண்டும்.

'சுவருக்கு அந்தப்பக்கம்' எங்கள் தொலைக்காட்சித் தொடர். வாரம் ஒரு பிரச்சினை. இந்த வாரம், கிராமத்தில் இன்னும் சாதி பார்க்கிறார்களா என்பது. கேமரா முன்னால் பேச ஒரு நிலக்காரரும் சிக்கவில்லை. "எங்கப்பா பேசுவாருங்க" என்று நான்தான் பெருமையாக இழுத்துவந்தேன். என் அப்பா நஞ்சுண்டன் மூன்று வயதுக் குழந்தைக்கும் 'ங்க' போடுவார். பேங்க் மேனேஜர், பால்காரர், தப்பான நம்பரில் கூப்பிட்டவர், எல்லோருக்கும் ஒரே மரியாதை.

தென்னந்தோப்பில் நாற்காலி போட்டு நன்றாகத்தான் பேசினார். "எங்கூர்ல அதெல்லாம் எந்தக் காலத்துலயோ போயிருச்சுங்க. யாரையும் மரியாதை இல்லாம ஒரு வார்த்தை பேச மாட்டமுங்க." அதே மூச்சில் திரும்பி, "டேய் ராமுலு, இவங்களுக்கு எளநி வெட்டுடா" என்றார்.

தோப்பில் வேலை செய்யும் ராமுலு அப்பாவைவிட ஏழு வயது மூத்தவர். "சரிங்க சாமி" என்று அரிவாளை எடுத்தார்.

தான் என்ன சொன்னோம் என்பதே அப்பாவுக்குத் தெரியவில்லை. அதுதான் என்னைப் போட்டு அரித்தது. தெரிந்து சொல்லியிருந்தால் சண்டை போட்டுத் தீர்த்திருப்பேன்.

மொத்தம் ஏழு நொடி. வெட்டினால் அப்பா ஊரிலேயே பண்பான மனிதர். வைத்தால், சொந்தபந்தம் நடுவே அவர் முகம் என்ன ஆகும்? நான் எந்த முகத்தோடு வீட்டுக்குப் போவது? மூன்று முறை வெட்டி, மூன்று முறை ஒட்டிவிட்டேன். எடிட்டர் தாஜுன்னிசாவுக்குப் பொறுமை போய்விட்டது.

"வர்ஷினி, இந்த ஏழு நொடிதான் எபிசோடே. சீக்கிரம் முடிவு பண்ணுங்க."

"இருக்கட்டுமுங்க" என்றேன். சொன்னதும் கொஞ்சம் திமிர் வந்தது. பெற்ற அப்பா என்றும் பார்க்காதவள் அல்லவா நான்!

தாஜுன்னிசா ஹெட்போனை மாட்டிச் சத்தத்தைச் சரிபார்த்தார். நெற்றியைச் சுருக்கினார். "கடைசியில கேமராவுக்குப் பின்னால ஒரு குரல் கேக்குதுங்க. எடுத்துரட்டுமா?" ஸ்பீக்கரில் போட்டுக் காட்டினார்.

"எளநி வெட்டுடா." "சரிங்க சாமி." உடனே ஒரு பெண் குரல், கனிவாகத்தான்: "ராமுலு, ஃப்ரேம்ல வர்ற பாரு. கொஞ்சம் தள்ளி நில்லு."

என் குரல். அன்றைக்கு வேன் டிரைவருக்கு, கேமராமேனுக்கு, வேடிக்கை பார்க்க வந்த பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்குக்கூட 'ங்க' போட்ட அதே வாய். அவருக்கு அறுபத்தைந்து வயது என்பதே, எபிசோடுக்காக விவரம் எழுதியபோதுதான் எனக்குத் தெரிந்தது. கூச்சத்தில் காது சுட்டது.

தாஜுன்னிசா திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். "எடுத்துட்டா யாருக்கும் தெரியாதுங்க."

நான் மறுபடி நடந்தேன். சுவர்வரை போனேன், திரும்பினேன்.

"அப்படியே விடுங்க. கீழ பேரு போட்டுருங்க. வர்ஷினி, நஞ்சுண்டன் மகள்னு."

போன் அடித்தது. ஐந்தாவது முறை.

"கண்ணு, ராமுலு பக்கத்துல நிக்கறான். அவனும் டிவில வருவானான்னு கேக்கறான்."

"அவருகிட்டக் குடுங்கப்பா."

மறுமுனையில் ராமுலு தொண்டையைச் செருமும் சத்தம். 'நீ' என்றுதான் நாக்கில் வந்தது; விழுங்கிக்கொண்டேன்.

"நீங்க வர்றீங்க. ஏழு மணிக்குப் பாருங்க."

ராமுலுவின் குரல் பதறியது.

"ஏனுங்க அம்மணி, நான் ஏதாச்சும் தப்புப் பண்ணிப்போட்டனுங்களா?"