நஞ்சுண்ட மஞ்சத்தின் கடைசிப் பக்கம்

எங்கள் வாசகர் மன்றத்து நூலகத்தில் ஒரு வழக்கம் உண்டு. புத்தகத்தைப் படித்து முடித்தவர்கள் கடைசியில் இருக்கிற வெற்றுப் பக்கத்தில் தங்கள் கருத்தை எழுதிவிட்டுத்தான் திருப்பித் தருவார்கள். ‘புத்தகத்தில் எழுதாதீர்கள்’ என்று சுவரில் ஒட்டி வைத்தேன். அதன் கீழேயே ஒருவர் ‘நல்ல அறிவிப்பு’ என்று எழுதிவிட்டுப் போனார். அதன் பிறகு அவர்களோடு மல்லுக்கட்டுவதை விட்டுவிட்டேன். பெயர் மட்டும் போட மாட்டார்கள். பெயரைப் போட்டுக் கருத்துச் சொல்லும் துணிச்சல் ராஜபாளையத்தில் எவருக்கும் கிடையாது. ஸ்ரீவில்லிபுத்தூர்க்காரர்களுக்கும் கிடையாது, ஆனால் கருத்து மட்டும் இரண்டு மடங்கு இருக்கும்.

நான் மாரிக்கனி. பஞ்சு மார்க்கெட் பக்கத்து மாடியில் இருக்கும் அந்த நூலகத்தை எட்டு வருஷமாகப் பார்த்துக்கொள்கிறேன். அதற்கு முன்னால் நூல் மில்லில் நின்றுகொண்டே பதினேழு வருஷம் வேலை பார்த்தவள். நூலகத்தில் போட்டிருப்பதுதான் எனக்கென்று கிடைத்த முதல் நாற்காலி. அதை விட்டு எழுந்திருக்கச் சொன்னால் எனக்கு உயிர் போவதுபோல இருக்கும், அதை ஒளிக்க விரும்பவில்லை.

ஆறு மாதத்துக்கு முன்னால் ‘நஞ்சுண்ட மஞ்சம்’ என்ற சரித்திர நாவல் வந்து சேர்ந்தது. காரிமாறன் என்கிற குறுநில மன்னன் ஒரு வைத்தியரைக் கொன்றுவிட்டு, அவர் மகள் மருதநங்கையைச் சிறைபிடித்துக் கோட்டைக்குக் கொண்டுவருகிறான். அவள் சந்தனத்தில் நஞ்சைக் கலந்துவைத்துக் காத்திருக்கிறாள். அவனுக்கு அது தெரியும். தெரிந்தும் தினமும் இரவு அவள் அறை வாசலில் நின்று, “உள்ளே வரலாமா?” என்று கேட்கிறான். ஆறு இரவு அவள் வேண்டாம் என்கிறாள், அவனும் திரும்பிப் போகிறான். ஏழாவது இரவு பக்கம் 143-இல் தொடங்கி 161-இல் முடிகிறது. மூன்றே மாதத்தில், புத்தகத்தை மேசையில் வைத்தாலே அது 143-இல் தானாகத் திறந்துகொள்ளும் அளவுக்கு எங்கள் வாசகர்கள் உழைத்திருந்தார்கள்.

கடைசிப் பக்கத்தில் அடிதடியே நடந்தது. ‘கலாச்சாரச் சீரழிவு. குறிப்பாகப் பக்கம் 143, 147, 152, 158 மிக மிக மோசம்’ என்று ஒருவர் பச்சை மையில் எழுதியிருந்தார். அதன் கீழே பென்சிலில், ‘வழிகாட்டியமைக்கு நன்றி. 155 விடுபட்டுவிட்டது.’ அடுத்து, ‘அப்பனைக் கொன்றவன் மேல் காதலா? தூ!’ என்று ஒரு கோபம். கிருஷ்ணன்கோவில் கல்லூரியில் படிக்கும் ஏதோ ஒரு பிள்ளை, ‘ஹீரோ டோட்டல் ரெட் ஃபிளாக். ஆனா செம’ என்று எழுதி இதயம் வரைந்திருந்தது. ‘அட்டையில் இருக்கும் அளவுக்கு உள்ளே இல்லை. ஏமாற்று வேலை’ என்று ஒரு பெரியவர் மனம் நொந்திருந்தார். ஓய்வுபெற்ற தாசில்தார் இம்மானுவேல் சார் பெயர் போடாவிட்டாலும் அவரைக் கண்டுபிடிப்பது சுலபம். ‘பன்னிரண்டாம் நூற்றாண்டில் மிளகாய் ஏது? பக்கம் 88-இல் மருதநங்கை மிளகாய் அரைக்கிறாள். சரித்திரம் தெரியாதவர்கள் பேனாவைத் தொடக் கூடாது.’ 143-இலிருந்து 161 வரை அவருக்குச் சரித்திரப் பிழை எதுவும் அகப்படவில்லை.

இந்தக் கூச்சலுக்கு நடுவே நீல மையில், மணிமணியான எழுத்தில், ஒரு குறிப்பு வந்து உட்கார்ந்தது. ‘இந்த ராஜா ஆறு ராத்திரி வாசலில் நின்று கேட்கிறான். என் வீட்டுக்காரர் இத்தனை வருஷத்தில் ஒரு நாள்கூட என்னைக் கேட்டதில்லை.’

அவ்வளவுதான். கலாச்சாரம், சரித்திரம், மிளகாய் எல்லாம் மறந்துபோயிற்று. மன்றத்து ஆண்கள் அத்தனை பேருக்கும் ஒரே கேள்விதான் மிஞ்சியது. இது யார் வீட்டு எழுத்து?

ஒவ்வொருவராக வந்தார்கள். ஜவுளிக்கடை நைனா முகமது அண்ணாச்சி ஏதோ மூலிகைப் புத்தகம் தேடுகிற சாக்கில் வந்து, சட்டைப்பையிலிருந்து மனைவி நூர்பானு எழுதிய மளிகைச் சீட்டை எடுத்துப் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். “பானு எழுத்து இல்ல, அல்ஹம்துலில்லாஹ்” என்று பெருமூச்சு விட்டார். படி இறங்கப் போனவர் நின்று, “ஏம்மா மாரிக்கனி, அவ இதப் படிச்சாளா?” என்று கேட்டார்.

“ரெண்டு தடவை எடுத்துட்டுப் போனாக, அண்ணாச்சி.”

வந்ததைவிட மெதுவாக இறங்கிப் போனார். இம்மானுவேல் சார் தம் மனைவியின் கீர்த்தனை நோட்டோடு வந்தார். இன்னொருவர் கல்யாணத்துக்கு முன்னால் வந்த கடிதத்தைப் பிளாஸ்டிக் உறையில் போட்டுக் கொண்டுவந்தார். எழுத்து பொருந்தவில்லை என்றதும் எல்லோர் முகத்திலும் அப்படியொரு நிம்மதி. தாங்கள் மனைவியை ஒரு நாளாவது கேட்டிருக்கிறோமா என்று ஒருவரும் யோசித்ததாகத் தெரியவில்லை.

கடைசியாக மன்றத் தலைவர் சேதுபதி சார் ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து பஸ் ஏறி வந்தார். தலைமையாசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர், ஆனால் ஓய்வை இன்னும் ஒப்புக்கொள்ளாதவர். நாவலைத் தடை செய்யவேண்டும், கடைசிப் பக்கத்தில் எழுதிய பெண்ணைக் கண்டுபிடித்துக் கண்டிக்கவேண்டும் என்று நான்கு பக்கத்துக்குப் புகார் கொண்டுவந்திருந்தார். ‘ஆராய்ச்சிக்காக’ என்று சொல்லி அதே நாவலை இருபத்தொரு நாள் வீட்டில் வைத்திருந்தவரும் அவர்தான்.

புகாரைப் பிரித்ததும் எனக்கு விஷயம் புரிந்துவிட்டது. நீல மை. மணிமணியான எழுத்து. ஒவ்வொரு மெய்யெழுத்தின் மேலும் புள்ளிக்குப் பதிலாகக் குட்டி வட்டம். கடைசிப் பக்கத்தில் இருந்ததும் அதே குட்டி வட்டம்தான். சாருக்குக் கை நடுங்கும். அவர் சொல்லச் சொல்ல அவர் மனைவி வெள்ளத்தாயக்காதான் எழுதுவார். சார் கையெழுத்து மட்டும் போடுவார். தாம் சொன்னதைத் தாமே எதற்குப் படிக்கவேண்டும் என்று படித்தும் பார்க்க மாட்டார்.

“நாவல் கெடக்கட்டும்மா. ஒரு குடும்பப் பொம்பள இப்பிடி எழுதலாமா? யாருன்னு ஒனக்குத் தெரியாம இருக்காது. சொல்லிரு” என்றார்.

“எனக்கு எப்பிடி சார் தெரியும்?”

“அப்பம் பொறுப்ப விட்டு எறங்கிக்க. தெரிஞ்சே மறைக்கிற ஆளு மன்றத்துக்குத் தேவையில்ல.”

நாற்காலியை விட்டு நான் எழுந்திருக்கவில்லை. சமாளித்துக்கொண்டு, “வீட்ல அக்கா வாசிப்பாகளா சார்?” என்று மெதுவாகக் கேட்டுப் பார்த்தேன்.

“அவளா? பஞ்சாங்கத்தத் தவிர வேற எதையும் அவ தொட்டதில்ல” என்று சிரித்தார். சிரித்துவிட்டு, முப்பது வருஷம் பிள்ளைகளை மிரட்டிய மூளையிலிருந்து ஒரு யோசனையை எடுத்தார். நாவலை எடுத்துப்போன பெண்கள் அத்தனை பேருக்கும் டிக்டேஷன் வைப்பது. எழுத்து ஒத்துப்போனால் ஆள் சிக்கிவிடும். ஒருத்தியும் சிக்காவிட்டால் என் நாற்காலி போகும்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை ஸ்ரீவில்லிபுத்தூரில் ஒரு பள்ளிக்கூட வகுப்பறையைக் கேட்டு வாங்கினார். இந்தக் கூத்துக்கு எந்தப் பெண் வருவாள் என்று நான் நினைத்தேன். பத்தொன்பது பேரும் வந்தார்கள். ராஜபாளையத்துப் பெண்கள் டிக்கெட் இல்லாத டவுன் பஸ்ஸில், பட்டுச்சேலையும் பூவுமாக, கல்யாணத்துக்குப் போகிற மாதிரி வந்து இறங்கினார்கள். என்னோடு மில்லில் வேலை பார்த்த மாடத்தி குட்டி பெஞ்சில் உடம்பைத் திணித்துக்கொண்டு, “பரிச்சை எழுதி எம்புட்டு வருசமாச்சு! பிட்டு கொண்டாந்திருக்கேன், யாருக்காச்சும் வேணுமாட்டி?” என்று கேட்டாள். ஒரே சிரிப்பு. புருஷன்மார்கள் பின்சுவரோரம், முதல் நாள் பிள்ளையைப் பள்ளிக்கூடத்தில் விடவந்த அப்பாக்கள் மாதிரி நின்றார்கள்.

வெள்ளத்தாயக்காவும் வந்திருந்தார். வந்திருந்தார் என்று சொல்ல முடியாது, காப்பி ஃபிளாஸ்க்கைத் தூக்க ஆள் வேண்டும் என்று சார் கூட்டி வந்திருந்தார். அக்கா எல்லோருக்கும் ஊற்றிக் கொடுத்தார். என்னிடம் டம்ளரை நீட்டும்போது என் முகத்தைப் பார்க்கவில்லை.

சார் மேசையைத் தட்டினார். “எழுதுங்க. ‘என் வீட்டுக்காரர்’... எழுதியாச்சா? ‘இத்தனை வருஷத்தில்’... அடுத்து, ‘ஒரு நாள்கூட’...”

“சார், செத்த மெதுவா. இத நிறுத்தி எழுதணும்” என்றாள் மாடத்தி.

“சார், இத வீட்டுக்குக் கொண்டுபோலாமா? பிரேம் போட்டு மாட்டணும்” என்று நூர்பானு கேட்டார். பின்சுவரோரம் நைனா முகமது அண்ணாச்சி ஃபேன் ஓடுகிறதா என்று மேலே பார்த்தார்.

யாரோ ஒரு பெண் பெயர் சொல்லாமல் எழுதிய ஒற்றை வாக்கியம் அது. ஒழுக்கத்தைக் காப்பாற்றக் கிளம்பிய மனிதர் அதைப் பத்தொன்பது பெண்களுக்கும் உரக்க வாசித்துக் காட்டி, அவரவர் புருஷன் முன்னாலேயே எழுதியும் வாங்கிக்கொண்டிருந்தார். கையெழுத்தும் போடச் சொன்னார். அந்த நாவலாசிரியருக்குக்கூட இந்தத் துணிச்சல் வந்திருக்காது.

தாள்களைச் சேகரித்து, பூதக்கண்ணாடியை வைத்து ஒவ்வொன்றாகப் பார்த்தார். என் கைப்பையில் அந்தப் புகார் இருந்தது. எடுத்துக் கடைசிப் பக்கத்துக்குப் பக்கத்தில் வைத்தால் போதும். என் நாற்காலி எனக்கு, இவர் மீசை மண்ணுக்கு. இரண்டு தடவை ஜிப்பைத் திறந்தேன். இரண்டு தடவையும் காலி டம்ளர்களைப் பொறுக்கிக்கொண்டிருந்த அக்காவின் முதுகு கண்ணில் பட்டது. நான் காட்டிக்கொடுத்தால் சாயங்காலம் அந்த வீட்டுக்குத்தானே அவர் போகவேண்டும்? ஜிப்பை மூடிவிட்டேன். ஆத்திரத்தில் அழுகை வந்தது, அடக்கிக்கொண்டேன்.

“ஒண்ணும் ஒத்துப்போகல” என்று சார் கண்ணாடியைக் கீழே வைத்தார். “அப்பம் மறைக்கிறது பொறுப்பாளர்தான். தீர்மானம் போட்டிருவோம். ஏட்டி, இங்க வா. எழுது.”

வெள்ளத்தாயக்கா கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு வந்து முதல் பெஞ்சில் உட்கார்ந்தார். சேலை மடிப்பிலிருந்து சொந்தப் பேனாவை எடுத்தார்.

“‘மன்றத்தின் மாண்பைக் காக்கும் பொருட்டு, நூலகப் பொறுப்பாளர் மாரிக்கனியை இன்று முதல் பணியிலிருந்து நீக்க’... என்ன, நிறுத்திட்ட? பேனா எழுதலையா?”

“பேனா எழுதும். மாரிக்கனிய எதுக்கு நீக்கணும்?”

பின்சுவரோரம் செருமல் நின்றது. சாருக்கு முதலில் காது கேட்கவில்லையோ என்றிருந்தது. மனைவி கேள்வி கேட்பது அவருக்குப் பழக்கமில்லை.

“என்னட்டி சொல்லுத?”

“பத்தொம்பது பேர வர வச்சு, நீயா நீயான்னு விசாரிச்சீக. புஸ்தகத்த எடுக்காதவுக வீட்லயும் போயி விசாரிச்சீக. நான் இங்கனதான நிக்கேன். என்னைய மட்டும் கேக்கலையே?”

“ஒன்னைய என்னத்தட்டி கேக்க?”

“அதத்தான் அந்தக் கடைசிப் பக்கத்துல எழுதிருக்கேன்” என்றார் வெள்ளத்தாயக்கா.

ஒரு பெண்ணும் சிரிக்கவில்லை. சார் அந்தப் பாதித் தீர்மானத்தைக் கையில் எடுத்தார். பூதக்கண்ணாடியை மெதுவாக அதன் மேல் கொண்டுபோனார். பிறகு நாவலின் கடைசிப் பக்கத்தின் மேல். மறுபடியும் தாளின் மேல். தம் பெயரில் ஊருக்கெல்லாம் போன அத்தனை மனுக்களையும் எழுதிய கையை அன்றைக்குத்தான் அவர் பார்த்தார். அந்த நேரத்தில் அவரைப் பார்க்க எனக்குப் பாவமாகக்கூட இருந்தது. ஒரு நிமிஷம்தான் இருந்தது.

“கூட்டம் முடிஞ்சுது” என்றார்.

இம்மானுவேல் சார் பெரிய மனது பண்ணி, “என்ன இருந்தாலும் அந்த மிளகா விசயம்...” என்று ஆரம்பித்தார். அவர் மனைவி அவரை ஒரு பார்வை பார்த்தார். மிளகாய் அதோடு முடிந்தது. தீர்மானம் ‘மாரிக்கனியை’ என்ற இடத்தில் அறுந்து நிற்கிறது. அதை முடிக்க இன்றுவரை எவரும் முன்வரவில்லை. தாள் என் மேசை இழுப்பறையில் பத்திரமாக இருக்கிறது, நானும் என் நாற்காலியில் பத்திரமாக இருக்கிறேன்.

நாங்கள் பஸ் ஸ்டாப்புக்கு வந்தபோது வெள்ளத்தாயக்கா எங்களோடு வந்தார். வழியனுப்ப வருகிறார் என்று நினைத்தேன். ராஜபாளையம் பஸ் வந்ததும் ஃபிளாஸ்க்கை என் கையில் கொடுத்துவிட்டு முதல் ஆளாக ஏறி ஜன்னலோரம் உட்கார்ந்துவிட்டார். “அடுத்த புஸ்தகம் பாக்கணும் மாரிக்கனி. அவுகளுக்கு ஆராய்ச்சின்னு நீ குடுக்கதத்தான் இத்தன நாளும் படிச்சேன். இனி என் பேர்லயே ஒரு கார்டு போட்டுத் தா” என்றார்.

சார் மூச்சிரைக்க வந்து ஜன்னலுக்குக் கீழே நின்றார். சுற்றிலும் ஆட்கள் இருந்ததால் குரலைத் தாழ்த்தி, “வீட்டுச் சாவி ஒங்கிட்டயா இருக்கு?” என்று கேட்டார்.

“எங்கிட்டத்தான் இருக்கு. பொழுதடையக்குள்ள வந்துருவேன்” என்றார் அக்கா. “வாசல்ல நின்னு கேளுங்க. பொறவு பாப்போம்.”

கண்டக்டர் விசில் ஊதினார்.