மூன்றாவது ட்ரேயில் வந்த கருத்து

1

இந்தக் கதை எரிச்சலில் பிறந்தது. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பிறகு கனிவு போதவில்லை என்று யாரும் என்னிடம் வரக்கூடாது. தொலைக்காட்சியில் ‘புருடா’ என்றொரு தொடர் வருகிறது (வருவதாக வைத்துக்கொள்ளுங்கள்). நோய் தீர்க்கும் கல், ஆவியைக் காட்டும் கருவி என்று வாரம் ஒரு மோசடியை எடுத்துப் பிரித்து மேய்ந்து, வயிறு வலிக்கச் சிரிக்க வைக்கும் தொடர். அதைப் பற்றி எழுத எனக்கு ஒன்றும் இல்லை. பாவம், அது தன் வேலையைச் செய்கிறது. அதைப் பார்த்துவிட்டுக் கருத்து எழுதுகிறார்களே, அவர்களைப் பற்றித்தான் எழுத உட்கார்ந்தேன்.

முதலில் இப்படித் தொடங்கினேன்:

“மாலை வெயில் ஜன்னல் வழியே அவள் மேசைமேல் மெல்லப் படர்ந்தபோது, அவள் மனதில் ஏதோ ஒன்று”

ஏதோ ஒன்று என்றால் என்ன? எனக்கே தெரியவில்லை. அந்த வாக்கியத்தை அப்படியே கைவிட்டேன். நீங்களும் விட்டுவிடுங்கள்.

2

‘புருடா’ அலுவலகத்தில் அவளுக்கு ‘தபால்’ என்று பெயர். நேயர் கருத்துகளைக் காகிதத்தில் எடுத்துப் பிரித்து வைப்பது அவள் வேலை. நிகழ்ச்சியின் கடைசி நிமிடத்தில் தொகுப்பாளர் ஒரு கருத்தைப் படித்துச் சிரிக்க வைப்பார். திரையைப் பார்த்துப் படித்தால் கண் உருளுவது தெரிகிறதாம், அதனால் அவருக்குக் காகிதம்தான் வேண்டும்.

தபாலின் மேசையில் மூன்று ட்ரே. ஒன்று பாராட்டுக்கு, இன்னொன்று திட்டுக்கு. மூன்றாவதில் அவளே ஒரு சீட்டு ஒட்டியிருந்தாள்: ‘எங்கே கிடைக்கும்’. எப்போதும் நிரம்பி வழிவது அதுதான்.

கல் மோசடியைத் தோலுரித்த மறுநாள் வந்தது: “அருமையான நிகழ்ச்சி. பயனுள்ள தகவல். அந்தக் கல் எங்கே கிடைக்கும்?” ஆவிக் கருவியை உடைத்தே காட்டிய பிறகு வந்தது: “எங்கள் மாடிக்கு ஒன்று தேவை. உடையாததாக அனுப்பவும்.” தபால் முதலில் சிரித்தாள். பிறகு பொறுப்பாகப் பதில் எழுதினாள்: அது போலி, நாங்கள் சொன்னதே அதுதான். உடனே பதில் வந்தது: “நன்றி. போலி வேண்டாம், ஒரிஜினல் எங்கே கிடைக்கும்?” அதன்பின் அவள் பதில் எழுதுவதை விட்டுவிட்டாள்.

(இடைக்குறிப்பு: இதுவரை படித்த என் நண்பர், “ஓவரா இருக்கு, யாரும் இப்படியெல்லாம் எழுத மாட்டாங்க” என்றார். கொஞ்ச நேரம் கழித்துக் குரலைத் தாழ்த்தி, “அது என்ன கல்லு?” என்று கேட்டார்.)

3

இங்கே தபாலுக்கு ஓர் அக்காவைக் கொடுப்பதா வேண்டாமா என்று ரொம்பவே திண்டாடினேன். அக்கா வந்தால் அழுகை வந்துவிடும் என்ற பயம். வராவிட்டால் தபால் தலையில் அடித்துக்கொண்டே இருப்பாள், கதை நகராது. சரி, தொலையட்டும் என்று கொடுத்துவிட்டேன்.

அந்த வாரம் காந்த பெல்ட். இடுப்பில் கட்டினால் சகல வியாதியும் ஓடிவிடுமாம். விற்பனைக் கூட்டமொன்றை ரகசியமாகப் படம்பிடித்திருந்தார்கள். பிளாஸ்டிக் நாற்காலி வரிசையிலிருந்து ஒரு பெண் எழுந்து மைக்கை வாங்கினாள். முகத்தை மங்கலாக்கியிருந்தார்கள். “முன்னெல்லாம் குனிஞ்சு செருப்பு மாட்ட முடியாதுங்க. இப்ப நானே மாட்டிக்கிறேன். பிரஷர் மாத்திரையக்கூட விட்டுட்டேன்.”

தொகுப்பாளர் படத்தை நிறுத்திவிட்டு, கால் ஆடுகிற ஒரு நாற்காலிக்கு அந்த பெல்ட்டைக் கட்டினார். “பாருங்க, இதுக்கும் ஆட்டம் நின்னுடுச்சு” என்றார். அரங்கமே சிரித்தது.

ஓரத்தில் நின்றிருந்த தபால் சிரிக்கவில்லை. முகம்தான் மங்கல், குரல் மங்கவில்லை. அது அவள் அக்கா. மாத்திரையை விட்ட விஷயமே அப்போதுதான் அவளுக்குத் தெரிந்தது. அவர்கள் அம்மாவும் மாத்திரையை விட்டுவிட்டுத்தான் சமையலறையில் விழுந்தாள், அதன்பின் எழுந்திருக்கவில்லை.

ஒளிபரப்பான மறுநாள் காலை எங்கே கிடைக்கும் என்று கேட்காவிட்டாலும் மூன்றாவது ட்ரேக்கே உரிய ஒரு கருத்து வந்தது.

“பெருமதிப்பிற்குரிய ஐயா, காந்த பெல்ட்டை ஊரறியச் செய்தமைக்கு நன்றி. பேசிய பெண்மணி நான்தான். முகம் சரியாகத் தெரியவில்லை. கேமராவை நன்றாகத் துடைத்துவிட்டு மறுபடி ஒளிபரப்பவும். என் தங்கை உங்களிடம்தான் வேலை செய்கிறாள். அவளுக்கு நேரமிருந்தால் கேட்டுப் பார்க்கவும்.”

4

தொகுப்பாளர் அதை எடுத்துப் படித்துவிட்டு நடைபாதையிலேயே நின்றுவிட்டார். “தபால், இது தங்கம். கேமராவைத் தொடைக்கணுமாம். நம்ம எழுத்தாளருங்க தலைகீழா நின்னாலும் இப்படி எழுத வராது. இந்த வாரம் இதான்.”

“சார், அது எங்க அக்கா.”

“அடடா. பேரை எடுத்துடலாம்.”

“போன தடவையும் முகத்தைத்தான் எடுத்தீங்க. குரலை எடுக்கலையே, சார்.”

அவர் காகிதத்தைத் திருப்பிக் கொடுத்தார். கெட்ட மனிதர் இல்லை. கெட்டவராக எழுதிப் பார்த்தேன், ஒட்டவில்லை. “அப்ப நீங்களே முடிவு பண்ணுங்க. ரெக்கார்டிங்குக்கு முன்னாடி எந்தப் பேப்பர் என் மேசையில இருக்கோ, அதைப் படிக்கிறேன்.”

படித்தால், அக்காவுக்கு உறைக்கும். மாத்திரையைத் தொடலாம், தங்கையின் முகத்தில் விழிக்காமலும் போகலாம். படிக்காவிட்டால், பெல்ட் இடுப்பிலேயே இருக்கும்.

இந்த இடத்தில் இரண்டு முடிவுகள் எழுதினேன். ஒன்றில் அக்கா மனம் திருந்தி பெல்ட்டைக் குப்பையில் போடுகிறாள். பாராட்டு ட்ரேக்காக எழுதியது, படிக்க எனக்கே கூசியது. இன்னொன்று “ஆம்புலன்ஸ் விளக்கு சுவரில் சுழன்று” என்று தொடங்கி, அதோடு நின்றது. என் கதை முடிய வேண்டும் என்பதற்காக ஒரு பெண்ணின் ரத்த அழுத்தத்தை ஏற்றுவது அநியாயம்.

5

ஆகவே தபாலை அரை நாள் லீவு போட வைத்து அக்கா வீட்டுக்கு அனுப்பினேன். அக்கா பெல்ட்டோடு துணி மடித்துக்கொண்டிருந்தாள். தங்கையைப் பார்த்து எழுந்திருக்கவில்லை.

“அக்கா, அவங்க உன்னைப் பாராட்டல. கிண்டல் பண்ணாங்க.”

“தெரியும்டி. நாற்காலிக்குக் கட்டினதைப் பாத்துமா புரியாது?”

“அப்புறம் எதுக்கு அப்படி எழுதின?”

“உனக்குப் போன் பண்ணா மீட்டிங்ல இருக்கேங்கற. கருத்து எழுதினா மட்டும் ஊர்ல யார் எழுதினாலும் படிக்கிறியாமே. எழுதினேன். வந்து நிக்கிற பாரு.” ஒரு போர்வையை உதறி மடித்தாள். “பெல்ட் விக்கிறவன் வாராவாரம் போன் பண்றான். அக்கா, வலி எப்படியிருக்கு, தூக்கம் வருதான்னு கேக்கறான். விக்கத்தான் கேக்கறான், எனக்கென்ன தெரியாதா? ஆனா கேக்கறான்ல.”

தபாலுக்குக் கோபம் தலைக்கேறியது. யார்மேல் என்றுதான் தெரியவில்லை. “அதுக்காக மாத்திரையை விடுவியா? அம்மாவைப் பாத்தும் புத்தி வரலையா உனக்கு?”

“செருப்பு மாட்ட முடியுதுடி. அதுக்கு என்ன சொல்ற?”

அதற்குத் தபாலிடம் பதில் இல்லை. (என்னிடமும் இல்லை. தொகுப்பாளரிடம் ஒரு ஜோக் இருக்கும்.)

அந்தக் கருத்தைத் தொகுப்பாளர் படிக்கட்டுமா என்று தபால் கேட்டாள். அக்கா கடைசித் துணியையும் மடித்து வைத்தாள்.

“படிக்கட்டும், இல்ல விடட்டும். அது உன் இஷ்டம். ஆனா அன்னிக்கு நீ இங்க வந்து எம் பக்கத்துல உக்காந்து பாக்கணும்.”

“சரி. மாத்திரை?”

“அன்னிக்குச் சொல்றேன்.”

6

இதோ அந்த மாலை. சோபாவில் இருவர். முன்னே ஸ்டூலில் ஒரு டம்ளர் தண்ணீர், பிரிக்காத மாத்திரை அட்டை. பெல்ட் அக்காவின் இடுப்பில்தான் இருக்கிறது. நிகழ்ச்சியின் கடைசி நிமிடம் வந்துவிட்டது. தொகுப்பாளர் காகிதத்தை விரிக்கிறார்.

அது எந்தக் காகிதம் என்று என்னைக் கேட்காதீர்கள். தபால் எதை வைத்தாள் என்பதை நீங்களே முடிவு செய்யுங்கள். இவ்வளவு தூரம் ஓசியில் சிரித்துவிட்டுத்தானே வந்தீர்கள். கருத்து இருந்தால் எழுதுங்கள். பாராட்டோ திட்டோ வாங்கிக்கொள்கிறேன். பெல்ட் எங்கே கிடைக்கும் என்று மட்டும் கேட்காதீர்கள், உங்களுக்குப் புண்ணியமாகப் போகும்.

தொகுப்பாளர் வாயைத் திறக்கிறார். அக்கா டிவியைப் பார்க்கவில்லை. தங்கையின் முகத்தையே பார்த்துக்கொண்டிருக்கிறாள்.