அப்படி யாரும் இங்கே இல்லை

கள்ளக்குறிச்சி பஸ் நிலையத்துக்குப் பின்சந்தில் எனக்கு ஒரு ஜெராக்ஸ் கடை இருக்கிறது. ஜெராக்ஸ் என்று பேர்தான், முக்கால்வாசி வேலை விண்ணப்பம் போட்டுக் கொடுப்பது. வருமானச் சான்று, பட்டா மாறுதல், ஆதார் திருத்தம், பாஸ்போர்ட். பெரிய படிப்புப் படித்தவர்கள்கூட என் முன்னால் அந்த உடைந்த பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்துகொண்டு, “அமிர்தம்மா, பாத்துப் போடுங்க” என்பார்கள். பதினோரு வருஷத்தில் நான் போட்ட விண்ணப்பம் ஒன்றுகூடத் திரும்பி வந்ததில்லை. அந்தத் திமிர் எனக்கு உண்டு, இல்லையென்று சொல்ல மாட்டேன்.

முதன்முதலாகத் திரும்பி வந்தது என் அண்ணன் மகள் தமிழ்மொழியின் பாஸ்போர்ட். காவல்துறை அறிக்கை பாதகமாக வந்திருக்கிறதாம். விண்ணப்பதாரர் கொடுத்த முகவரியில் வசிக்கவில்லையாம்.

திரையை மூன்று முறை படித்தேன். பிறகு மௌஸைத் தூக்கி மேசைமேல் போட்டேன். வசிக்கவில்லையா? அவள் பிறந்ததே அந்த முகவரியில்தான். பிரசவத்துக்கு ஆம்புலன்ஸ் வரத் தாமதமாகி, வீட்டுக்குள்ளேயே பிறந்தவள்.

தமிழ்மொழி விவசாயப் படிப்பு முடித்தவள். மண்ணைப் பற்றி மேற்கொண்டு படிக்க ஜெர்மனியில் ஒரு பல்கலைக்கழகம் இடம் கொடுத்திருந்தது. உதவித்தொகையும் கிடைத்துவிட்டது. அக்டோபரில் வகுப்பு. அதற்குள் விசா வேண்டும், விசாவுக்குப் பாஸ்போர்ட் வேண்டும். ஜெர்மன் கற்றுக்கொள்ள வசதியாக இருக்கட்டும் என்று எட்டு மாதமாகக் கள்ளக்குறிச்சியில் என் வீட்டில்தான் அவளை வைத்திருந்தேன், வாரக்கடைசியில் ஊருக்குப் போய் வருவாள். அண்ணி வழியில் ரிஷிவந்தியத்தில் ஒரு மாப்பிள்ளை தயாராக இருந்தான். “இந்த வருசம் ஜெர்மனி போறதுன்னா போவட்டும். இல்லன்னா தையில கல்யாணம்” என்று அண்ணன் பகலவன் என்னிடம் முடிவாகச் சொல்லியிருந்தான். ஆக, இந்த ஒரு காகிதம் வராவிட்டால் அவள் படிப்பு அத்தோடு முடிந்தது.

கடையைப் பூட்டிவிட்டு அவளையும் கூட்டிக்கொண்டு பஸ் ஏறினேன். வடக்கனந்தல் தாண்டி, கல்வராயன் மலைக்கு அடியில் எங்கள் தெரு. முப்பத்தோரு வீடு. கரும்பு வெட்டவும் மரவள்ளி பிடுங்கவும் போகிற ஜனம். நான் போன நேரம் எல்லோரும் வேலை முடிந்து வந்து, குழாயடியில் கால் கழுவிக்கொண்டிருந்தார்கள்.

“இவள விசாரிக்க ஸ்டேஷன்ல இருந்து யாராவது வந்தாங்களா?” என்று கேட்டேன்.

எதிர்வீட்டு ரங்கம்மாள் பெரியம்மாதான் கடைசியில் சொன்னாள்.

“போன செவ்வாக்கெழம ஒரு ஆளு பைக்குல வந்தான். சொக்கா பேண்ட்டுதான் போட்டிருந்தான், ஆனா ஷூ பழுப்பு. போலீஸு ஷூ எனக்குத் தெரியாதா? தமிழ்மொழி வூடு எதுன்னான். அப்படி யாரும் இங்க இல்லீங்கன்னேன்.”

“ஏன் பெரியம்மா?”

“இன்னாடி ஏன்னு கேக்குற? போலீஸ்காரன் வந்து பேரு கேட்டா வேற இன்னா சொல்லுவாங்க?”

அடுத்த வீட்டிலும் அதையே சொல்லியிருந்தார்கள். கோடி வீட்டு வீரமணி ஒரு படி மேலே போய், அந்தக் குடும்பம் திருப்பூருக்குப் போய் நாலு வருஷம் ஆகிறது என்று சொல்லி, வந்தவருக்குக் குடிக்கத் தண்ணீரும் கொடுத்து அனுப்பியிருக்கிறான். பொய்யைக்கூட எவ்வளவு மரியாதையாகச் சொல்கிறார்கள் பாருங்கள்.

“எங்க அண்ணன் எங்க போனான் அன்னைக்கு?”

“இங்கதான் இருந்தேன்” என்றான் பகலவன், துண்டால் கழுத்தைத் துடைத்தபடி. “எங்கிட்டயும் கேட்டான். எனக்குத் தெரியாதுன்னேன். உன் பேரு இன்னான்னான். பிச்சைமுத்துன்னு சொன்னேன்.”

பிச்சைமுத்து எங்கள் அப்பா. செத்துப் பத்தொன்பது வருஷம் ஆகிறது.

எனக்கு வந்த கோபத்துக்கு அங்கேயே ஒரு ஆட்டம் ஆடித் தீர்த்தேன். “படிச்ச புள்ளைய வழியனுப்ப வேண்டிய நேரத்துல இல்லவே இல்லன்னு சொல்லி வெச்சிருக்கீங்களே, உங்களுக்கெல்லாம் புத்தி இருக்குதா? பாஸ்போர்ட்டுக்கு வந்த ஆளுக்கும் புடிச்சிகினு போக வந்த ஆளுக்கும் வித்தியாசம் தெரியாதா? எத்தினி காலத்துக்கு இப்படிப் பயந்துகினே சாவுறது?”

கத்திவிட்டேனே தவிர, அவர்கள் ஏன் அப்படிச் சொன்னார்கள் என்று எனக்குத் தெரியாதா? எனக்கு அப்போது பதினாலு வயசு. சாராய ரெய்டு என்று ஜீப் வந்தது. காய்ச்சியவன் ஓடிவிட்டான். கேஸுக்கு ஆள் வேண்டுமே? மலையிலிருந்து கடுக்காய் மூட்டையோடு இறங்கிவந்த எங்கள் அப்பாவிடம் “பேரு என்ன?” என்று கேட்டார்கள். அவர் உண்மையைச் சொன்னார், எழுதிக்கொண்டார்கள். பதினோராம் நாள் திரும்பி வந்தபோது அவரது வலது கை தோளுக்கு மேலே எழும்பவில்லை, கடைசிவரை எழும்பவே இல்லை. அன்றிலிருந்து எங்கள் தெருவில் யாரும் பேசிவைத்துக்கொள்ளாமலே ஒரு சட்டம் வந்துவிட்டது. வெளியாள் வந்து யாரைக் கேட்டாலும் அப்படி யாரும் இங்கே இல்லை. வேலை தேடிப் போனவன், கடனுக்கு ஒளிந்தவன், ஒன்றுமே செய்யாதவன், எல்லோரையும் அந்த ஒரு பொய்தான் காப்பாற்றியிருக்கிறது.

அண்ணன் வீட்டு வாசற்படியில் உட்கார்ந்து, மூச்சு வாங்கியபடி போனை எடுத்தேன். வெறுமனே விரலால் தள்ளிக்கொண்டே போனேன். போன செவ்வாய்க்கிழமை, பகல் பதினொன்றே முக்கால், தெரியாத எண், ஒன்பது விநாடி.

ஞாபகம் வந்துவிட்டது. விண்ணப்பத்தில் என் நம்பரைத்தான் கொடுத்திருந்தேன். கடையில் கூட்டம். “ஸ்டேஷன்ல இருந்து பேசறோம், தமிழ்மொழிங்களா?” என்றது ஒரு ஆண் குரல். நான் யோசிக்கவே இல்லை. “ராங் நம்பருங்க” என்று சொல்லி வைத்துவிட்டு, யாருக்கோ ரேஷன் கார்டை லேமினேட் செய்தேன். மறந்தும் போனேன். ஊருக்கே விண்ணப்பம் போட்டுக் கொடுக்கிற நான், இப்போது தெருவையே நிற்கவைத்துத் திட்டிய நான். வெட்கமாக இருந்தது. அதைவிட அசிங்கம், அதை அப்போது யாரிடமும் சொல்லவில்லை. போனை இடுப்பில் செருகிக்கொண்டு எழுந்துவிட்டேன்.

மறுநாள் சென்னைக்குப் போய், மறு விசாரணை வேண்டுமென்று, இந்தத் தடவை அவள் நம்பரைப் போட்டு, பாஸ்போர்ட் அலுவலகத்தில் எழுதிக் கொடுத்தோம். ஒன்பதாம் நாள் ஸ்டேஷனிலிருந்து தமிழ்மொழியின் போனுக்கே கூப்பிட்டார்கள். சனிக்கிழமை காலை பத்து மணிக்கு வர வேண்டும். இவள் இங்கேதான் இருக்கிறாள் என்று சொல்ல அக்கம்பக்கத்தில் இரண்டு சாட்சி, ஆதாரோடு.

வெள்ளிக்கிழமை சாயந்திரம் தெருவில் போய்க் கேட்டேன். இரண்டே இரண்டு பேர் போதும் என்றேன். ஒருத்தரும் என் முகத்தைப் பார்க்கவில்லை.

“ஆதார குடுத்தா பேரு, வெலாசம் எல்லாம் அங்க போயிடும்” என்றான் வீரமணி. “நாளைக்கு எவன் எங்க திருடினாலும் நம்ம வூட்டுக்கு வருவாங்க.”

“விடு அமிர்தம்” என்றான் அண்ணன். “நமக்கு ஸ்டேஷன் சகவாசமே வாணாம். ரிஷிவந்தியத்துக்காரங்க நல்ல மாதிரி. புள்ள இங்கயே பத்திரமா இருந்துட்டுப் போவட்டும்.”

நான் வாயைத் திறப்பதற்குள் தமிழ்மொழி பேசிவிட்டாள். சாதாரணமாக அவள் அப்பா எதிரில் சத்தமாகப் பேச மாட்டாள்.

“எங்க இருந்துட்டுப் போறது? அப்படி ஒருத்தி இல்லன்னு நீதானே சொன்ன? மத்தவங்க சொன்னாங்க, சரி. நீ என்னப் பெத்தவன். உன் வாயால நான் இல்லன்னு சொன்னப்போ உனக்கு ஒண்ணுமே தோணலியாப்பா? ஆயுசு முழுக்க இல்லாத ஆளா என்னால இருக்க முடியாது. நீ வராட்டிப் போ. நான் போயி நிப்பேன். சாட்சி இல்லன்னா தினமும் போயி நிப்பேன்.”

அண்ணன் எழுந்து மாட்டுக்குத் தண்ணீர் காட்டப் போய்விட்டான். எனக்கு அவள்மேல் அப்படி ஒரு பெருமை வந்தது. கூடவே இடுப்பில் செருகியிருந்த போன் குத்தியது.

சனிக்கிழமை எட்டு மணிக்கு நானும் அவளும் பஸ்ஸுக்குக் கிளம்பினோம். தெருமுனையில், கிழங்கு ஏற்றுகிற மினி லாரி நின்றுகொண்டிருந்தது. முன்னால் அண்ணன் உட்கார்ந்திருந்தான், கல்யாணத்துக்குப் போடுகிற வெள்ளைச் சட்டையில். பின்னால் ரங்கம்மாள் பெரியம்மா, வீரமணி, அவன் பெண்டாட்டி, இன்னும் பத்துப் பதினைந்து பேர். ஓட்டுப் போடப் போகிற மாதிரி தலைவாரி, கையில் ஆதாரோடு உட்கார்ந்திருந்தார்கள்.

“ரெண்டு பேரு போதும்னேனே பெரியம்மா” என்றேன்.

“ரெண்டு பேரு போனா ரெண்டு பேரயும் உக்கார வெச்சிடுவான். இத்தினி பேரும் போனா எங்கடி உக்கார வெப்பான்? ஏறு.”

ஸ்டேஷன் வாசலில் எங்கள் கூட்டத்தைப் பார்த்ததும் மறியல் என்று நினைத்து உள்ளேயிருந்து இரண்டு பேர் ஓடிவந்தார்கள். பாஸ்போர்ட் விசாரணை என்று தெரிந்ததும் ரைட்டர் தலையில் கை வைத்துக்கொண்டார். அன்றைக்குத் தெருவுக்கு வந்த போலீஸ்காரரும் அங்கே இருந்தார், சின்ன வயசுக்காரர். அண்ணனைப் பார்த்ததும் அடையாளம் கண்டுகொண்டார்.

“நீதானய்யா பிச்சைமுத்துன்னு சொன்ன?”

அண்ணன் ஒரு அடி முன்னால் வந்தான்.

“ஆமாங்க, பொய் சொன்னேன். பிச்சைமுத்து எங்கப்பா. இருவத்தேழு வருசத்துக்கு முன்னாடி அவரு பேர இந்த ஸ்டேஷன்லதான் எழுதினாங்க, ஒண்ணுமே பண்ணாத ஆள. என் பேரு பகலவன். இது என் பொண்ணு தமிழ்மொழி. எங்க வூட்டுலதான் பொறந்தா, எங்க வூட்டுலதான் வளந்தா. இப்ப என் பேரயும் எழுதிக்குங்க.”

அந்த இளைஞர் பேனாவை எடுத்து அண்ணனிடம் நீட்டி, “உக்காந்து கையெழுத்துப் போடுங்க” என்றார். போட்டான். வீரமணி போட்டான். அதற்குமேல் தேவையில்லை என்று ரைட்டர் சொன்னதை யாரும் காதில் வாங்கவில்லை. ரங்கம்மாள் பெரியம்மா மேசையில் இருந்த மைப்பெட்டியைத் தானே இழுத்து விரலைத் தேய்த்துக்கொண்டாள். ஒவ்வொருவரும் தன் பேரையும் தகப்பன் பேரையும் தெருவுக்கே கேட்கிற மாதிரி சொல்லிவிட்டுத்தான் நகர்ந்தார்கள்.

“எல்லாஞ் சரிங்க சார்” என்றார் அந்த இளைஞர், ரைட்டரிடம். “ஆனா அன்னைக்கு நான் போன்லயும் கூப்ட்டேன். ஒரு லேடி எடுத்து ராங் நம்பர்னு வெச்சிட்டாங்க. அதனாலதான் அப்படி எழுத வேண்டியதாப் போச்சு.”

தெருவே திரும்பி ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டது. ரைட்டர் பழைய விண்ணப்பத்தில் இருந்த எண்ணைப் பார்த்து, மேசை போனில் அழுத்தினார். என் இடுப்பில் மணி அடித்தது.

தெரியாத மாதிரி அதை அமுக்கிவிட ஒரு விநாடி ஆகியிருக்காது. அத்தனை கண்ணும் என்மேல்தான் இருந்தது. எடுத்தேன், காதில் வைத்தேன், எதிரில் நின்றவர் முகத்தைப் பார்த்தே பேசினேன்.

“சரியான நம்பர்தாங்க. அன்னைக்கு ராங் நம்பர்னு சொன்னதும் நான்தான். என் பேரு அமிர்தம். பிச்சைமுத்து பொண்ணு. தமிழ்மொழிக்கு அத்த. இன்னா கேக்கணுமோ கேளுங்க.”

“அடிப்பாவி, நீயுமா?” என்றாள் ரங்கம்மாள் பெரியம்மா. “எங்கள அந்தத் திட்டு திட்டினியேடி!” தமிழ்மொழி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். அண்ணனும் சிரித்தான். ஸ்டேஷனுக்குள் நின்று எங்கள் ஆட்கள் சிரித்து அன்றுதான் பார்த்தேன்.

ஆகஸ்ட் ஆறாம் தேதி பாஸ்போர்ட் வந்தது. தபால்காரர் ஊருக்குப் புதுசு, காக்கிச் சட்டை, பழுப்பு ஷூ. தெருமுனையில் வண்டியை நிறுத்தி, தமிழ்மொழி வீடு எது என்று கேட்டிருக்கிறார். குழாயடியில் நின்றிருந்த ஏழு பேரும் ஒரே நேரத்தில் கை காட்டினார்களாம்.