மாடிப்படியில் கெட்டுப்போன கை

இருபத்திரண்டு வருடக் கப்பல் வேலை என் கணவர் க்ரிஸ்புலோவுக்குக் கற்றுக்கொடுத்தது ஒன்றே ஒன்றுதான்: "முடியும் சார்." அலை தளத்தில் ஏறினாலும் முடியும் சார். இரண்டு நாள் தூக்கமில்லாவிட்டாலும் முடியும் சார். முடியாது என்றவனுக்கு அடுத்த ஒப்பந்தம் வராது. பிலிப்பைன்ஸில் எங்கள் ஊரான இலோயிலோவில் பாதி வீடுகளுக்குக் கூரை போட்டதே இந்த வார்த்தைதான். வாயுள்ள பிள்ளை பிழைக்கும் என்பார்கள். இவருக்கும் வாய் இருந்தது, அதில் வேறு வார்த்தைதான் இல்லை.

பிரேசிலில் ஒரு துறைமுகத்தில் கப்பலைக் கட்டும் வடம் அறுந்து இவருடைய வலது தோளில் அடித்தது. தளத்தில் கிடந்தவரிடம், எழுந்திருக்க முடியுமா என்று கேப்டன் கேட்டாராம். என்ன பதில் சொல்லியிருப்பார் என்று உங்களுக்கே தெரியும்.

மணிலாவுக்கு அனுப்பி, கம்பெனி டாக்டரிடம் சிகிச்சைக்கு விட்டார்கள். நூற்றிருபது நாளுக்குள் டாக்டர் முடிவு சொல்லாவிட்டால் நிரந்தர ஊனம் என்று கணக்காகும், இழப்பீடு கொடுத்தே ஆகவேண்டும். அதனால் நூற்றுப் பத்தொன்பதாம் நாள், ஆஸ்பத்திரியின் இரண்டாம் மாடியில் டாக்டர் இவரை உட்காரவைத்துப் பன்னிரண்டு கேள்வி கேட்டார். வாளி தூக்க முடியுமா? ஏணி ஏற முடியுமா? பன்னிரண்டுக்கும் ஒரே பதில். கடைசியாக எங்கே வலிக்கிறது என்று கேட்டபோது மட்டும், நாங்கள் எல்லோரும் செய்வதுபோல, இவர் உதட்டைக் குவித்துத் தோளைக் காட்டினார். டாக்டரும் எங்கள் நாட்டுக்காரர்தான், அவரும் வீட்டில் உப்புப் புட்டியை உதட்டால்தான் காட்டுவார். ஆனாலும், 'நோயாளி வாய்விட்டு எந்தக் குறையும் சொல்லவில்லை, வேலைக்குத் தகுதியானவர்' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார்.

தகுதியானவர் என்றால் இழப்பீடு கிடையாது. சரி, அப்படியானால் கப்பலாவது கொடுங்கள் என்று இவர் மூன்றாம் மாடிக்குப் போனார். அங்கேதான் புதிதாகக் கப்பலேறுகிறவர்களுக்குப் பரிசோதனை. அங்கே யாரும் கேள்வி கேட்கவில்லை, ஒரு கம்பியைக் காட்டித் தொங்கச் சொன்னார்கள். இவரும் முடியும் சார் என்று ஒரு கையால் தொங்கப் போய்த் தரையில் விழுந்தார். மின்தூக்கியில் ஏறிவந்த அதே டாக்டர், 'வேலைக்குத் தகுதியில்லை' என்று எழுதி அதே பேனாவால் கையெழுத்துப் போட்டார். இரண்டுக்கும் நடுவே நாற்பது நிமிடம்.

வழக்குப் போட்டோம். கம்பெனி வக்கீல் கொஞ்சமும் கூசாமல், இரண்டு சான்றிதழும் உண்மை என்றார். இரண்டாம் மாடியில் நன்றாக இருந்த கை, படி ஏறும்போது கெட்டுப்போயிருக்கலாம். மாடிப்படி கப்பலைச் சேர்ந்ததல்ல, எனவே கம்பெனி பொறுப்பல்ல. மேலும் இந்த மனிதரே பன்னிரண்டு முறை முடியும் என்று சொல்லியிருக்கிறார்.

எங்கள் வக்கீல் ஹெலாடா அம்மா என்னைத் தனியே கூப்பிட்டார். உன் புருஷன் நடுவர் முன்னால் தன் வாயால் முடியாது என்று சொன்னால் பிழைத்தோம், அங்கேயும் பழைய பாட்டைப் பாடினால் கப்பலும் இல்லை காசும் இல்லை என்றார்.

ஆறு மாதம் பயிற்சி கொடுத்தேன். சாப்பாட்டு மேஜையில் நான்தான் நடுவர்.

"புலோ, இந்த வீட்டைத் தூக்கி அடுத்த தெருவுல வைக்க முடியுமா?"

"எத்தனை மணிக்குள்ள மேடம்?"

தட்டை எடுத்து எறிந்திருப்பேன். அதைப் பொறுக்கவும் முடியும் என்பாரே என்று விட்டுவிட்டேன். கெஞ்சினேன், திட்டினேன், ஒரு வாரம் பேசாமல் இருந்தேன். "வாய்ல வரமாட்டேங்குது இண்டாய்" என்றார் பாவமாக, என்னைச் செல்லமாகக் கூப்பிடும் பேரைச் சொல்லி. எனக்கு அப்போது பாவமாகவே இல்லை, ஆத்திரம்தான் வந்தது.

விசாரணை நாளில் எல்லோரும் எழுந்து நின்றோம். சத்தியம் செய்துகொள்ள வலது கையை உயர்த்தும்படி குமாஸ்தா சொன்னார்.

"சரி சார்" என்றார் என் கணவர்.

கை மார்புவரை வந்து நின்றது. இடது கையால் முழங்கையை முட்டுக்கொடுத்துத் தள்ளினார். முகம் வெளுத்து, கழுத்தில் வியர்வை இறங்கியது. அவர் விடவில்லை. அதிகாரி சொல்லிவிட்டார், இவர் தூக்கியாக வேண்டும், அவ்வளவுதான்.

"சரின்னு அவரே சொல்றாரு, பதிவு பண்ணிக்கங்க" என்றார் கம்பெனி வக்கீல்.

நடுவர் கண்ணாடியைக் கழற்றினார். "ஐயா, உங்களால முடியுமா, முடியாதா?"

அவர் என்னைப் பார்க்கவில்லை. தன் கையைத்தான் பார்த்தார்.

"முடியல சார்" என்றார். பிறகு, "மன்னிச்சிருங்க சார்."

சத்தியம் செய்யும் முன் சொன்னது சாட்சியமாகாது என்று கம்பெனி வக்கீல் துள்ளி எழுந்தார். தூக்க முடியாத கையைத் தன் கண்ணாலேயே பார்த்தாயிற்று, தன் கண்ணுக்குச் சத்தியம் தேவையில்லை என்று சொல்லி நடுவர் தானே எழுதத் தொடங்கினார். ஜெயித்துவிட்டோம் என்று ஹெலாடா அம்மா என் காதில் சொன்னார்.

என் கணவர் இன்னும் நின்றுகொண்டிருந்தார், பொருளை உடைத்துவிட்ட பிள்ளைபோலத் தலையைக் குனிந்துகொண்டு. மிரட்டியும் கெஞ்சியும் ஆறு மாதமாக நான் கேட்ட வார்த்தை அது. கேட்டதும் எனக்கு நடுவர் காலில் விழுந்து, இல்லை சார், அவரால் முடியும், எல்லாம் முடியும் என்று சொல்லிவிட வேண்டும்போல் இருந்தது.