செம்பின்மேல் காய்ந்த தொப்பி

திண்டுக்கல்லின் நடுவே ஓங்கி நிற்கும் கரும்பாறை காலை எட்டு மணிக்கே கொதிக்கத் தொடங்கியிருந்தது. அதன் அடியில் பூக்கூடைகளும் வெங்காய மூட்டைகளும் சுமந்த வண்டிகள் ஒன்றையொன்று ஏசியபடி ஊர்ந்தன. கன்னிவாடி மலைப்பக்கமிருந்து வந்த காற்றும் அன்று வெந்தே வந்தது. படிப்பவரே, அந்த ஞாயிற்றுக்கிழமை வெயிலினும் கொடியது சேவியரின் வீட்டுக்குள் இருந்தது.

வீட்டு மாடியில், கவிழ்த்த செம்பின்மேல், விளிம்பெங்கும் குண்டூசி குத்தி இழுத்துப் பிடிக்கப்பட்டு, வெண்ணூல் தொப்பியொன்று ஈரத்தோடு காய்ந்துகொண்டிருந்தது. நூற்பாலையில் வேலை செய்யும் செபாஸ்தியம்மாள் தன் தம்பி சேவியரின் மகளுக்காகப் பத்தொன்பது நாள் பின்னியது அது. துளைவிட்ட பின்னலை நனைத்து விரித்துக் காயவைத்தாலன்றிப் பூ தெரியாது. திருமுழுக்கு நாளில் யார் கொடுத்த தொப்பி பிள்ளையின் தலையில் ஏறுகிறதோ, அவளே பிள்ளையை ஏந்தி ஞானத்தாய் ஆவாள் என்பது அக்குடும்பத்து வழக்கம். மகப்பேறு வாய்க்காத செபாஸ்தியம்மாள் அந்த ஓர் உறவுக்காகவே ஏங்கியிருந்தாள்.

அதே உரிமையைத் தனக்கு விரும்பினாள் சகாயராணி, சேவியரின் மனைவி நான்சிக்கு மூத்தவள். அவளுக்குப் பின்னத் தெரியாது. ஆதலால் கடையில் வாங்கிய பளபளப்பான தொப்பியொன்றைக் கைப்பையில் வைத்திருந்தாள். இருவரும் ஒருவரையொருவர் வெறுத்தனர். அதை மறைக்கும் பொறுமை இருவருக்குமே இல்லை.

மாடிக்கு வந்த சகாயராணி குண்டூசிகளைப் பிடுங்கி எறிந்தாள். அரை ஈரத்தோடு தொப்பியை உருவிக் கசக்கினாள். அது சுருண்டு சூம்பியது. அதைக் கீழே கொண்டுவந்து, உறவினர் அனைவர் முன்னும் இரு விரலால் தூக்கிக் காட்டினாள்.

"தண்ணி மோக்க செம்பு எடுக்கப் போனேன். அதுமேல இந்தக் கரித்துணி கெடந்துச்சு. இதயா புள்ள தலையில போடப்போறீக?"

கூடத்தில் சிலர் சிரித்தனர். நான்சி குனிந்துகொண்டாள்.

செபாஸ்தியம்மாள் தொப்பியைப் பறித்தாள். "நீ தொட்டது என் மருமக தலைக்கு வேணாம்டி!" என்று கத்தினாள். காய்ந்தபின் செருகலாம் என்று விட்டுவைத்திருந்த கடைசி நூல்முனையைத் தேடிப் பிடித்தாள். இறுதிக் கண்ணியை அவிழ்த்து, வெறிகொண்டு இழுத்தாள். வரிசை வரிசையாகப் பின்னல் கரைந்தது. செபாஸ்தியம்மாளின் கையைப் பிடிக்க ஒருவரும் எழவில்லை. பத்தொன்பது நாள் உழைப்பு சில நிமிடங்களில் நூற்பந்தாகிவிட்டது.

அப்போதுதான் அடுக்களையிலிருந்து சேவியர் செம்பு நிறைய நீரோடு ஓடிவந்தான்.

"அக்கா, குடு இங்க! நனச்சுப் போட்டா திரும்ப விரிஞ்சுரும்னு நீதான சொன்ன? இந்த வெயிலுக்குச் செத்த நேரத்துல காஞ்சுரும். கோயிலுக்கு இன்னும் ரெண்டு மணி நேரம் கெடக்கு!"

செபாஸ்தியம்மாள் தன் மடியைப் பார்த்தாள். நனைப்பதற்கு அங்கே தொப்பி இல்லை.

பகைத்தவள் செய்த கேட்டுக்கு ஒரு செம்பு நீர் போதுமாயிருந்தது. தன் கை செய்ததற்கு ஆறு குளமெல்லாம் சேர்ந்தாலும் போதாது. சினத்தை வீரமென்று போற்றுவோர்மேல் எனக்கு இன்றும் கோபம் தீரவில்லை. பதினொரு மணிக்குக் கோயிலில் ஞானத்தாயின் பெயர் சகாயராணி என்று அருட்தந்தை உரக்கப் படித்தார். கடைசி இருக்கையில், நூற்பந்தை மடியில் வைத்தபடி, செபாஸ்தியம்மாள் அதைக் கேட்டுக்கொண்டிருந்தாள்.